சுயமுன்னேற்ற நூல்களைத் தொடர்ந்து படித்தும் என்னிடம் மாற்றமே இல்லை. வாசிப்பு உண்மையிலேயே ஆளை வளர்க்குமா?

நொய்யல்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன்; எனக்குக் கீழே சிலர் வேலை பார்க்கிறார்கள். கல்லூரி முடித்தபின் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமலிருந்த நான், பதவி உயர்வு கிடைத்த சமயத்தில், ஆட்களை நடத்தத் தெரிய வேண்டுமானால் நிறையப் படிக்க வேண்டும் என்று மூத்த அதிகாரி ஒருவர் சொன்னதைக் கேட்டுப் படிக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் சென்று, பை நிறைய வாங்கி வருகிறேன். பழக்கத்தை மாற்றுவது, நேரத்தைக் கையாளுவது, கோபத்தை அடக்குவது, சேமிப்பைப் பெருக்குவது என்று பெரும்பாலும் சுயமுன்னேற்ற நூல்கள்தாம்.

மஞ்சள் மைப் பேனாவால் கோடிட்டபடியே படிப்பேன். படித்து முடித்த இரவில், ஏதோ பெரிதாகப் புரிந்துவிட்டது போன்ற தெம்பு இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில், வங்கி இருப்பும் நம் பேரேடும் ஒத்துப்போகாமல் உதவியாளர் விழித்துக்கொண்டு நின்றால், அதே பழைய குரலில்தான் கத்துகிறேன். சென்ற வாரம் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, கோடிட்ட வரிகளை மட்டும் வாசித்துப் பார்த்தேன். அவற்றுக்கு எதற்காகக் கோடிட்டேன் என்பதே விளங்கவில்லை. 'இவ்வளவு படித்து என்ன கண்டீர்கள்?' என்று மனைவி கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தின் சாரத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லும் காணொளிகள் வந்துவிட்ட பிறகு முழுப் புத்தகத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்கிறான் அக்கா மகன். நான் தேர்ந்தெடுத்த நூல்களில் கோளாறா, படிக்கும் முறையில் கோளாறா, அல்லது வாசிப்பு மனிதனை உயர்த்தும் என்ற பேச்சே சற்று மிகைதானா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய அடுக்கு

வணக்கம் தம்பி. பொது நூலகத் துறையில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூல் வழங்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது அவற்றில் இரண்டாவது; 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது மூன்றாவது. இரண்டும் ஒன்றுதானே என்று பயிற்சிக் காலத்தில் நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. வேலைக்கு வந்தபின் வேறுபாடு தெரிந்தது. வாசகர் ஒரு தேவையோடு உள்ளே வருகிறார். புத்தகமோ யாருக்கென்றே தெரியாமல் அடுக்கில் காத்திருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் இடத்தில்தான் நீங்கள் கேட்கும் வளர்ச்சி நிகழ்வதைப் பார்த்திருக்கிறேன். அதே 1931இல், அவருடைய முயற்சியின் தொடர்ச்சியாக, மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. வண்டியில் எந்தப் புத்தகத்தை ஏற்றுவது என்பதற்கும் ஒருவர் யோசித்திருப்பார் அல்லவா? உங்கள் பையில் ஏற்றும்போது அந்த யோசனை இருந்ததா என்பதுதான் என் முதல் ஐயம்.

ஓர் ஆளைச் சொல்கிறேன். லேத் பட்டறைத் தொழிலாளி; எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இறந்துபோன தந்தையின் ஓய்வூதிய நிலுவை ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடப்பில் கிடந்தது. மாலையில் நாளிதழ் பார்க்க வருபவர், ஒரு நாள் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிய மெல்லிய கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டத் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. 'பொதுத் தகவல் அலுவலர் என்றால் யார் சார்?' என்று தொடங்கி, பத்திக்கு ஒரு கேள்வியாக என்னிடம் வந்து கேட்பார். எனக்கும் தெரியாதபோது இருவரும் சேர்ந்து தேடுவோம். கடைசியில் தாமே ஒரு மனுவை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பதிவு அஞ்சலில் அனுப்பினார். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்ற விதியைக் கையேட்டில் விரல் வைத்துக் காட்டிய முகம் இன்றும் நினைவிருக்கிறது. நிலுவை வந்து சேர நெடுங்காலம் பிடித்தது என்பது வேறு கதை. ஆனால் அதற்குள்ளாகவே அவர் தெருவிலுள்ள மற்றவர்களுக்கு மனு எழுதித் தருபவராக ஆகிவிட்டார். அலுவலகங்களில் கைகட்டி நின்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அவர் படித்தது ஒரே கையேடு. கேள்வியோடு படித்தார், படித்ததைக் கொண்டு உடனே ஒரு காரியம் செய்தார்.

நீங்கள் வாங்கியவை எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. உங்கள் மாதக் கடைசியைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. அடுத்த புத்தகத்தை வாங்குவதற்கு முன், எதைத் தெரிந்துகொள்வதற்காக வாங்குகிறேன் என்பதை முன் அட்டையின் உட்புறத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் வாங்காதீர்கள். இன்னொன்று: உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. கட்டிய காசுக்காவது அருகிலுள்ள கிளை நூலகத்திற்குப் போய் வாருங்கள்.

கரும்பலகை

நூலகர் ஐயா நூலைத் தேர்வதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் ஆசிரியை, கோடிட்ட வரிகள் மறந்துபோனதைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனெனில் அது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று.

செயின்ட் லூயிசிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்றை, ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். ஒரு சிறு பகுதியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். சிலரைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, நினைவிலிருந்து எழுதியவர்களிடம்தான் கூடுதலாக மிஞ்சியிருந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான், நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது. புத்தகத்தை முடித்த இரவில் உங்களுக்கு வரும் தெம்பு அந்த நம்பிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குப் பழகிய வரியை மனம் கற்றுக்கொண்ட வரியாக எடுத்துக்கொள்கிறது. கோடு போடுவது அந்த மயக்கத்தைக் கூட்டுகிறது. பத்து நிமிடக் காணொளியைப் பற்றியும் இதையே சொல்வேன். அங்கே சாரத்தைப் பிழிந்தவர் வேறொருவர். பிழியும் வேலையில் கிடைக்கும் பயிற்சியும் அவருக்கே போய்விடுகிறது.

பெஞ்சமின் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் சொல்லும் முறையை என் மாணவர்கள் சிலரிடம் முயன்று பார்த்திருக்கிறேன். பாஸ்டனில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் பயிற்சியாளராக இருந்த இளம் வயதில், தமக்குப் பிடித்த கட்டுரைகளிலிருந்து வாக்கியத்துக்கு ஒரு குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் அந்தக் கட்டுரையைத் தம் சொற்களில் எழுதுவாராம். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தாம் சறுக்கிய இடங்களைத் திருத்துவாராம். என் வகுப்பில் இதைச் செய்த பிள்ளைகள் முதலில் அழாத குறைதான். தாள் காலியாகக் கிடக்கும்போதுதான், எது புரியவில்லை என்பது தெரியவருகிறது.

நீங்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அது சொன்னதை அரைப் பக்கம் எழுதுங்கள். அதன் கீழே, சென்ற மாதம் கணக்கு முடித்த நாளில் அது எங்கே பொருந்தியிருக்கும், எங்கே பொருந்தாது என்று இரண்டு வரி சேருங்கள். பொருந்தாத இடங்களை எழுத மறக்காதீர்கள், ஆசிரியரோடு வாதிடுவதும் வாசிப்பில் சேர்த்திதான்.

வைப்பாற்றங்கரை

மேலே இருவரும் வாசிப்பின் பக்கம் நின்று பேசியிருப்பதால், மறுபக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதில், ஆம், மிகைதான் என்பது.

நுண்ணிய நூல்கள் பல கற்றாலும் ஒருவனிடம் மேலோங்கி நிற்பது அவனுக்கு இயல்பாய் அமைந்த அறிவே என்று திருக்குறளே 373ஆம் குறளில் சொல்கிறது. விதியைப் பற்றிய ஊழ் அதிகாரத்தில் இருப்பதால் பட்டிமன்ற மேடைகளில் இதை யாரும் தொடுவதில்லை. இலக்கியப் புனைவைப் படித்தால் பிறர் மனத்தை அறியும் திறன் கூடுகிறது என்று 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தபோது, உலகம் முழுவதும் அதைக் கொண்டாடினார்கள். பிற ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்று பின்னர் வெளியான செய்தி, கொண்டாடியவர்களில் பலரை எட்டவே இல்லை. நிறையப் படித்தவர்கள் கூடும் இடங்களில் நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகவும் இராது.

ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகச் சூழலில், தோழர்களின் பேச்சையும் வாதத்தையும் கேட்டு, அச்சக வேலை பார்த்து வளர்ந்தவர். அங்கே புத்தகங்களும் இருந்தன என்பது உண்மை. ஆயினும் அவரை உருவாக்கியதில் புத்தகத்தின் பங்கு எவ்வளவு, சுற்றியிருந்த மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? நூலகர் ஐயா சொன்ன பட்டறைத் தொழிலாளிக்கும், பத்திக்குப் பத்தி விளக்கம் சொல்ல அவர் எதிரே இருந்தார். கேள்வி கேட்ட நண்பருக்கோ அப்படி ஒருவரும் இல்லை. இரவில் தனியாகப் படிக்கிறார், தனியாகக் கோடிடுகிறார், காலையில் தனியாகக் கத்தப் போகிறார். இன்னும் பத்துப் புத்தகம் வாங்கினாலும் இந்தத் தனிமை மாறப்போவதில்லை. திட்டு வாங்கிய உதவியாளரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால், அலமாரி முழுவதும் சொல்லாத ஒன்றை அவர் சொல்லியிருப்பார்.

கதைப்பித்தி

வைப்பாற்றங்கரை ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கதை படித்தால் இரக்கம் பெருகும் என்று யாரும் உத்தரவாதம் தர இயலாது. மருந்துச் சீட்டுப் போலக் கதையைப் பரிந்துரைப்பதை நானும் வெறுக்கிறேன். ஆனால் சுயமுன்னேற்ற நூல்களையே படித்துவிட்டு வாசிப்பு பயனற்றது என்று முடிவு கட்டுவது நியாயமாகப் படவில்லை. அந்த நூல்களில் நீங்கள்தாம் எப்போதும் நாயகர். மற்றவர்கள் எல்லாரும் நீங்கள் 'கையாள' வேண்டியவர்கள். உங்கள் உதவியாளரின் பக்கத்திலிருந்து அந்த மாதக் கடைசி எப்படி இருக்கும் என்பதை அவை ஒருபோதும் காட்டா.

எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். நாளிதழ்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவர் பணிகளில் ஒன்று. சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்து, போகிறவர் வருகிறவரெல்லாம் அவரிடம் பேச வந்துவிடுவார்களாம். அதிகாரத்தின் அடிப்படியில் உட்கார்ந்து மேலே பார்த்த அந்தக் கண் அவருடைய கதைகளில் இருக்கிறது. சத்தம் போடாமல், யாரையும் திட்டாமல், அவமானப்பட்டவன் வீட்டுக்கு நடந்துபோவதை மட்டும் அவரால் எழுத முடியும். நான் ஒரு மருத்துவமனையின் வரவேற்புப் பிரிவில் மேற்பார்வையாளர். அப்படிப்பட்ட கதைகளை ஆண்டுக்கணக்கில் படித்தும் நான் சாந்தசொரூபியாகிவிடவில்லை, கோபம் வருகிறது. ஆனால் தாமதமாக வந்த பெண்ணைப் பார்த்ததும், அவள் எந்தப் பேருந்தைத் தவறவிட்டிருப்பாள் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அதற்குக் கதைதான் காரணமா, வயதா என்று என்னால் நிறுவ முடியாது.

படித்ததையே மீண்டும் படிக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கப் படிக்க நூலின் நயம் கூடுவதை நல்லவர் நட்புக்கு ஒப்பிட்டவரும் ஐயா மேற்கோள் காட்டிய வள்ளுவர்தாம், குறள் 783. திருவிழாவில் பை நிறைய வாங்குவதற்குப் பதிலாக, ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பை வாங்கி, மழைக்காலம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்வாசி

அனைவருக்கும் நன்றி. அலமாரியில் எதை வைத்துக்கொள்வது, எதை நூலகத்துக்குக் கொடுப்பது என்று பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன். தனியாகப் படிக்கிறேன் என்று சொன்னது உறைத்தது. எங்கள் பிரிவில் உள்ளவர்களைச் சேர்த்து, வெள்ளிக்கிழமைதோறும் மதிய உணவுக்குப் பின் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்தினால் என்ன? கதைப்பித்தி அம்மா சொன்னது போல ஒரு சிறுகதையை எடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கதைப்பித்தி

வேண்டாம் ஐயா. மேலதிகாரி கூப்பிட்டால் வர மாட்டேன் என்று யாராலும் சொல்ல முடியாது; கதை பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் திட்டு வாங்கும் உதவியாளர், வெள்ளிக்கிழமை உங்கள் எதிரே உட்கார்ந்து கதையைப் புகழ வேண்டியிருக்கும். நூலகர் ஐயா சொன்ன கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே நீங்கள் யாருக்கும் அதிகாரி அல்லர். நீங்கள் சொல்வது அபத்தமாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

பழைய அடுக்கு

கூட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கும், தம்பி. முதல் முறை போகும்போது பேச வேண்டாம், கேட்டுவிட்டு வாருங்கள். கொடுக்க நினைத்திருக்கும் புத்தகங்களையும் அப்போதே எடுத்துப் போகலாம். மஞ்சள் கோடு போட்டவற்றை வாங்கிக்கொள்வார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.