புதுப்பிப்பு: 1947 செவ்ரோலே லாரியின் கார்புரேட்டருக்கு ஆள் கிடைத்துவிட்டார்

தாத்தா காலத்து 1947 செவ்ரோலே லாரியின் கார்ட்டர் டபிள்யூ-1 கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) பெட்ரோல் ஒழுகுவதையும், ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைக்காததையும் சொல்லி, அதை முழுமையாகச் சீரமைக்கச் சென்னையில் தேர்ந்தவர் யாரேனும் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பழைய வண்டி உதிரிபாகங்கள் கிடைக்கும் புதுப்பேட்டையில் விசாரித்தபோது, வேறு கார்புரேட்டரைப் பொருத்திவிடலாம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் ராயபுரத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தார்.

அவர் ஜெட்டுகளை (பெட்ரோல் செல்லும் நுண்துளைப் பாகங்கள்) தொடுவதற்கு முன்பே, காற்றின் அளவை மாற்றும் தகட்டைத் திருப்பும் திராட்டில் தண்டை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, "இந்த இடைவெளியில் காற்று உள்ளே போகும்வரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை சார்" என்றார். பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் பித்தளை மிதவையைக் கொதிநீரில் அமிழ்த்தியதும், அதன் ஈயப் பற்று இணைப்பின் ஓரத்திலிருந்து சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. மிதவையில் ஓட்டை இருந்ததால் பெட்ரோல் உள்ளே புகுந்து அது சரியாக மிதக்கவில்லை; ஒழுகலுக்கான காரணம் அதுவே. திராட்டில் தண்டு செல்லும் துளைகளைச் சீராக்கி, லேத்தில் கடைந்த வெண்கலப் புஷ்களை (தண்டு சுழலும் உள்வளையங்கள்) இறுக்கினார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் தரும் ஆக்சிலரேட்டர் பம்பின் காய்ந்த தோலையும் மாற்றினார். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால், அதைத் தாங்கும் எரிபொருள் குழாய்களையே போடச் சொன்னார்.

இப்போது ஐடிலிங் சீராக இருக்கிறது. வேறொருவரிடம் கொடுப்பவர்கள், தண்டுக்குப் புஷ் போடுவாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.