38 கிலோமீட்டருக்கு விமானமா? கிர்கெனெஸ் – வாட்சோ அனுபவங்கள்

பனிக்காடன்:
நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 38 கி.மீ.தான். இதற்குப் போய் விமானமா என்று நானும் சிரித்தேன். நடுவில் வராங்கர் ஃபியோர்டு என்ற கடற்குடா கிடக்கிறது, பாலம் இல்லை. காரில் போனால் மேற்கே வராங்கர்பொட்ன் வரை சென்று கடலைச் சுற்றி வர வேண்டும். அது சுமார் 170 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

விமானம் 39 பேர் அமரும் டேஷ் 8. அட்டவணையில் கால் மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அடக்கம். ஏறி முடித்தவுடனே இறக்கம் தொடங்கிவிடுகிறது. இருக்கை வார் விளக்கு அணையவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் காபி கேட்கலாம் என்று பணிப்பெண்ணைத் தேடினார். அவரும் வாரைக் கட்டிக்கொண்டு எங்களைப் போலவே அமர்ந்திருந்தார்.

வாட்சோவில் நேரம் கிடைத்தால், 1926இல் வடதுருவத்தைக் கடந்த ‘நோர்கே’ வான்கப்பலை வழியில் கட்டிவைத்த கம்பத்தைப் பாருங்கள். இன்னும் நிற்கிறது.

துருவவாசி:
நான் போனது வட நோர்வேயின் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்இயர்பியெனுக்கு. சுமார் 960 கி.மீ., ஒரு மணி நாற்பது நிமிடம். ஆனால் ஆஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாக வந்தால் அங்கே எல்லாரையும் இறக்கிக் கடவுச்சீட்டைச் சோதிக்கிறார்கள். ஸ்வால்பார்ட் நோர்வேக்குச் சொந்தம்தான், ஆனால் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இணையக் கணிப்பான்களில் இந்த நேரமெல்லாம் வராது.

பழைய மீன்காரன்:
தம்பிமார் எழுதியிருப்பது நல்ல வானிலைக்கான கணக்கு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போட்ஸ்ஃபியோர்டு மீன் ஆலையில் வேலை செய்தவன் நான். அப்போது அந்தக் கரையில் எங்கள் ஆட்கள் பலர் இருந்தார்கள். அங்கே விமானம் டவுன் பஸ் மாதிரி: மேஹாம், பெர்லவோக், போட்ஸ்ஃபியோர்டு, வார்டோ, வாட்சோ என்று இறங்கி இறங்கிப் போகும். ஓடுபாதைகள் மிகக் குட்டையானவை, ஜெட் இறங்க முடியாது. குறுக்குக்காற்று கொஞ்சம் மிஞ்சினாலும் விமானி அந்த ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதில் எனக்குக் கோபமே வந்ததில்லை. அந்தக் காற்றை நேரில் பார்த்தவனுக்கு வராது.

ஒரு ஜனவரியில் எங்கள் ஊர் விளக்குகளை ஜன்னலில் பார்த்துக்கொண்டே கடந்து போய் வாட்சோவில் இறங்கினோம். அங்கிருந்து பஸ். மலைச்சாலையில் தனியாக விடவில்லை. பனிவாரி வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக வேண்டும், அந்த வரிசை புறப்படும்வரை சாலைத் தடுப்பருகே காத்திருந்தோம். மறுநாள் பிற்பகலில்தான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏன் தாமதம் என்று கேட்க ஃபோர்மன் இல்லை. அவர் மேஹாமில் மாட்டிக்கொண்டிருந்தார்.