மறுசுழற்சி விழுக்காடு: நாடுகளை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடலாமா?

வியாசர்பாடி ஆசிரியை (கேள்வி)

வணக்கம். சென்னை வியாசர்பாடியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு தீப்பிடிக்கும் நாட்களில் ஜன்னலை அடைத்துக்கொண்டு படித்தவர்கள். அதனால் கண்காட்சிக்கு அவர்கள் குப்பையையே தலைப்பாக எடுத்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

நாடுகளின் மறுசுழற்சி விழுக்காட்டைத் தேடி எடுத்து ஒரு சார்ட்டில் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனி மூன்றில் இரண்டு பங்கு, சிங்கப்பூர் 52, அமெரிக்கா 32, ஜப்பான் 20. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 ஆண்டறிக்கையைப் பார்த்து, இந்தியா என்ற இடத்தில் 50 என்று நிரப்பினார்கள். எழுதி முடித்ததும் ஒரு மாணவி, "மிஸ், ஜப்பானைவிட நாம மேல இருக்கோமா? அப்போ கொடுங்கையூர் மலை எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவது சரிதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எடைமேடை

அம்மா, அந்த மாணவியின் சந்தேகம் முழுக்க நியாயமானது. திடக்கழிவுத் துறையில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், அந்த 50 மறுசுழற்சி விழுக்காடே அன்று. அறிக்கையின்படி நாட்டில் நாளொன்றுக்கு உருவான குப்பை 1,60,038.9 டன். அதில் சேகரித்தது 1,52,749.5 டன், செயலாக்கத்துக்குச் சென்றது 79,956.3 டன், மண்ணில் கொட்டிப் புதைக்கும் நிலநிரப்புக்குப் போனது 29,427.2 டன். மீதமுள்ள 50,655.4 டன், அதாவது ஏறக்குறைய 32 விழுக்காடு, கணக்கில் வராதது என்று அறிக்கையே எழுதியிருக்கிறது. உங்கள் சார்ட்டில் இடம்பெற வேண்டிய எண் இதுதான் என்பேன். செயலாக்கம் என்ற சொல்லுக்குள் உரமாக்குவது, உயிரிவாயு எடுப்பது, எரிபொருளாக மாற்றிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது, எரித்து மின்சாரம் எடுப்பது எல்லாமே அடங்கும். ஜப்பான் தன் நகராட்சிக் குப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எரிக்கிறது, பல உலைகளில் மின்சாரமும் எடுக்கிறது. ஆனால் எரித்ததை மறுசுழற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்முடைய அளவுகோலை அங்கே வைத்தால் ஜப்பானின் எண் நூறை ஒட்டி நிற்கும்.

அடுத்து, எதை மொத்தக் குப்பை என்று எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும். சிங்கப்பூரின் 52 விழுக்காடு 2023-ஆம் ஆண்டுக்குரியது. அதில் தொழிற்சாலைக் கழிவும் இடித்த கட்டடங்களின் இடிபாடும் சேர்ந்திருக்கின்றன. இடிபாடு கிட்டத்தட்ட முழுமையாக மறுபயன்பாட்டுக்குப் போய்விடுவதால் மொத்த எண் உயர்ந்துவிடுகிறது. அதே ஆண்டில் வீட்டுக் குப்பையை மட்டும் பார்த்தால் 12 விழுக்காடுதான். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இடிபாட்டை நகராட்சிக் குப்பையில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது கேள்வி, எந்த இடத்தில் எடை போட்டார்கள் என்பது. இதைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 2011-இல் எடுத்த முடிவின்படி ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் நான்கு கணக்கீட்டு முறைகளில் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. காகிதம், உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி ஆகிய நான்கை மட்டும் கணக்கில் எடுப்பது ஒரு முறை, முழு நகராட்சிக் குப்பையையும் எடுப்பது இன்னொரு முறை. பக்கத்து நாட்டோடுகூட ஒப்பிட முடியாத நிலை இருந்ததால் 2018-இல் சட்டத்தைத் திருத்தி ஒரே முறையாக்கினார்கள். பிரித்தெடுக்கும் கூடத்துக்கு வந்த எடையை எழுதினால் இனிப் போதாது. கண்ணாடி என்றால் உலைக்குள் போகும் நிலையிலும், பிளாஸ்டிக் என்றால் குருணையாக்கும் எந்திரத்துக்குள் போகும் நிலையிலும் உள்ள எடையே கணக்கு. இடையில் கழிந்த அழுக்கையும் ஒவ்வாத பொருளையும் தள்ளிவிட வேண்டும். இந்த அளவுகோலில்தான் 2025-க்கு 55, 2030-க்கு 60, 2035-க்கு 65 விழுக்காடு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கணக்கு வேறு வகை. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஊர் ஊராக எடை எடுத்துக் கூட்டுவதில்லை. நாட்டில் எவ்வளவு காகிதம், உலோகம், பிளாஸ்டிக் உற்பத்தியானது, எவ்வளவு ஏற்றுமதி இறக்குமதியானது, ஒரு பொருள் எத்தனை ஆண்டு உழைத்துக் குப்பையாகும் என்பவற்றை வைத்து மதிப்பிடுகிறார்கள். 2018-க்கான 32.1 விழுக்காடு அப்படி வந்தது. அதில் உரமாக்கியதும் சேர்ந்திருக்கிறது.

ராயபுரம் குடியிருப்போர்

எடைமேடை ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. எல்லா எண்ணும் வேறு வேறு என்று சொல்லி முடித்துவிட்டால், எங்கள் வார்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் நாங்கள் பிரித்துக் கொடுத்த பின்னும் ஒரே வண்டியில் கொட்டுகிறவர்களைக் கேள்வி கேட்க எங்களிடம் என்ன இருக்கும்? ஒப்பீடே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை.

எடைமேடை

கூடாது என்று நான் சொல்லவில்லை ஐயா. ஒரே ஊரை, ஒரே முறையில், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். அதில் யாரும் நழுவ முடியாது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் ஆண்டறிக்கை தர வேண்டும் என்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொடுங்கையூரில் பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிச் சலித்துப் பிரித்து, அகற்றும் பழைய குப்பையின் டன் கணக்கை, இன்று வீடுகளிலிருந்து வரும் குப்பையின் செயலாக்கத்தோடு சேர்க்க விடாதீர்கள். அது பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பாக்கி. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரோடு ஏறும் எடையையும் மனத்தில் வையுங்கள்.

எருக்கஞ்சேரி காயலான் கடை

நான் எருக்கஞ்சேரியில் காயலான் கடை வைத்திருக்கிறேன். என் தந்தை தொடங்கிய கடை. மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் எங்கள் தராசு இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

கொடுங்கையூரிலும் தெருக்களிலும் பொறுக்குகிறவர்கள் காலை பத்து மணிக்குள் மூட்டையோடு வந்துவிடுவார்கள். நேற்று ஓர் அம்மா கொண்டுவந்த பாட்டில் மூட்டை தராசில் 31 கிலோ காட்டியது. அதைக் கொட்டி, உள்ளே இருந்த தண்ணீரையும் மண்ணையும் தட்டிவிட்டு, மூடியைத் தனியாகவும் லேபிளைத் தனியாகவும் பிரித்த பிறகு, பாட்டில் மட்டும் 24 கிலோ நின்றது. மூடி வேறு பிளாஸ்டிக், அதை வேறு ஆள் வாங்குவார். லேபிளை யாரும் வாங்குவதில்லை. ஐரோப்பாவில் எந்த எடையை எழுதச் சொல்கிறார்கள் என்று படித்தபோது, அது 24-ஐத்தான் என்று உடனே புரிந்தது. நாங்கள் அந்த எடைக்குத்தான் மேல் வியாபாரியிடம் காசு வாங்குகிறோம். ஆனால் அந்த 24 கிலோ மாநகராட்சி வண்டியில் ஏறவில்லை என்பதால் உருவான குப்பையிலும் இல்லை, மறுசுழற்சியிலும் இல்லை. அந்த அம்மாவின் உழைப்பு நாட்டின் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

ஆசிரியை அம்மா, உங்கள் பிள்ளைகள் இதையும் சார்ட்டில் எழுத வேண்டும்.

வியாசர்பாடி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. நேற்று மாணவர்களோடு உட்கார்ந்து சார்ட்டைப் பிரித்து எழுதினோம். இப்போது ஒவ்வொரு நாட்டின் எதிரிலும் விழுக்காட்டுக்கு முன்னால் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: மொத்தத்தில் எதைச் சேர்த்தார்கள், எங்கே எடை போட்டார்கள், எரித்ததைச் சேர்த்தார்களா. இந்தியாவுக்கு 50-ஐ அடித்துவிட்டு, நான்கு டன் கணக்குகளையும் எழுதி, கணக்கில் வராத 50,655.4-ஐச் சிவப்பில் எழுதச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவியின் பாட்டி கொடுங்கையூரில் பொறுக்கியவர் என்பதை நேற்றுத்தான் சொன்னாள்.

காயலான் கடை அண்ணா, சனிக்கிழமை ஆறு மாணவர்களை உங்கள் கடைக்கு அழைத்துவரலாமா? ஒரு மூட்டை வரும்போது என்ன எடை, பிரித்த பின் என்ன எடை என்று அவர்களே எழுதிக்கொள்ள விரும்புகிறார்கள்.

எருக்கஞ்சேரி காயலான் கடை

தாராளமாக வாருங்கள் அம்மா. பத்து மணிக்கு முன்னால் வந்தால் மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே பார்க்கலாம். கண்ணாடித் துண்டுகள் கிடக்கும், பிள்ளைகள் எல்லோரும் ஷூ போட்டு வரட்டும்.