சுராபாயாவில் குறைந்த செலவில் தங்க ஏற்ற இடம்: துறைமுகத்தின் பக்கமா, நகருக்குள்ளா?

கேள்வி: கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதம் நானும் என் தாயாரும் இந்தோனேசியாவின் சுராபாயா நகருக்குச் செல்லவிருக்கிறோம். சிங்கப்பூரில் விமானம் மாறி, இரவு எட்டு மணியளவில் ஜுவாண்டா விமான நிலையத்தில் இறங்குவோம். மூன்று இரவுகள் நகரில் தங்கிவிட்டு, தஞ்சுங் பேராக் துறைமுகத்திலிருந்து பெல்னி நிறுவனத்தின் பயணிகள் கப்பலில் மக்காசருக்குப் போவதாகத் திட்டம். அறை வாடகையாக ஓர் இரவுக்கு மூன்று லட்சம் ருப்பியாவுக்கு மேல் கொடுக்க இயலாது. இன்றைய மதிப்பில் அது நம் பணத்தில் 1,600 ரூபாயையொட்டி வருகிறது.

கப்பலேற வசதியாகத் துறைமுகத்தின் அருகிலேயே அறை எடுத்துவிடலாமா, அல்லது நகரின் நடுப்பகுதியில் தங்குவது நல்லதா என்பதே என் முதன்மையான ஐயம். அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. மூட்டு வலி இருப்பதால் மாடிப்படி ஏறுவது சிரமம். இருவரும் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். குறைந்த வாடகையில் அறை எடுக்கும்போது எவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கே தங்கிய அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: அலைகடல்

துறைமுகத்தின் அருகே அறை எடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. தஞ்சுங் பேராக் கிழக்கு இந்தோனேசியாவுக்கான சரக்குப் போக்குவரத்தின் தலைவாசல். அதையொட்டிய சாலைகளில் கொள்கலன் லாரிகள் பகலிரவு பாராமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்குள்ள மலிவு விடுதிகள் பெரும்பாலும் கப்பலுக்குக் காத்திருப்பவர்களையும் லாரி ஓட்டுநர்களையும் நம்பி நடப்பவை. சில இடங்களில் மணிக்கணக்கில் அறை விடுவதும் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு வாங்கவோ மருந்து வாங்கவோ வெளியே நடந்து செல்ல நினைத்தால், புழுதியும் லாரிகளும் நிறைந்த சாலைதான் எதிரே இருக்கும். வயதான தாயாரை அழைத்துக்கொண்டு தங்கத் தக்க சூழல் அன்று அது.

சுராபாயா தெற்கு வடக்காக நீண்ட நகரம். விமான நிலையம் தெற்கே, பக்கத்து மாவட்டமான சிடோவார்ஜோவில் இருக்கிறது. துறைமுகம் வடகோடியில் இருக்கிறது. நீங்கள் தெற்கில் இறங்கி வடக்கில் புறப்படுகிறீர்கள் என்பதால் நடுவில் தங்குவதே முறையானது. அந்த நடுப்பகுதியிலும் குபெங் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்தையே நான் பரிந்துரைப்பேன். ஏர்லாங்கா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் அப்பகுதியில் இருப்பதால், மாணவர்களுக்கான 'கோஸ்' எனப்படும் வாடகை அறைகளும், குறைந்த விலை உணவுக் கடைகளும், எடைக்கணக்கில் துணி துவைத்துத் தரும் கடைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. பல்கலைக்கழகத்தின் பழைய மருத்துவ வளாகத்தையொட்டி டாக்டர் சுத்தோமோ அரசு மருத்துவமனை இருக்கிறது. கிழக்கு ஜாவாவின் மிகப் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றான அதற்கு நோயாளிகளோடு துணைக்கு வருபவர்களை நம்பி, சுற்றிலும் எளிய தங்குமிடங்கள் பல நடக்கின்றன. அறை மலிவாகவும், பெரிய மருத்துவமனை பக்கத்திலும், தெரு நடமாட்டத்தோடும் இருக்கும் இடம் அந்நகரில் இதைவிட வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கோஸ் அறைகளில் நாள் வாடகைக்குக் கிடைப்பவையும் உண்டு. விலையும் கவர்ச்சியாக இருக்கும். ஆயினும் மூன்று இரவுகளுக்கு அவை வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது தங்குமிடம் நடத்துபவரின் கடமை. முறையான விடுதிகளில் கடவுச்சீட்டை வாங்கிப் பதிவு செய்யும்போதே அது முடிந்துவிடும். மாணவர் விடுதி நடத்துபவர்களில் சிலர் அந்தத் தொல்லை வேண்டாமென்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள். இரவில் பெட்டியோடு தெருவில் நிற்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

விமான நிலையத்திலிருந்து டாம்ரி பேருந்து மலிவுதான். ஆனால் உங்கள் நேரத்துக்கு வாடகைக் கார் எடுப்பதே நல்லது. புளூபேர்டு டாக்சி, செயலியில் கார் அழைக்கும் கிராப், கோஜெக் மூன்றுமே அந்நகரில் இயங்குகின்றன. இறங்கியவுடன் உள்ளூர் சிம் அட்டை வாங்கிவிடுங்கள். விடுதிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மறுமொழி: காயல்மைந்தன்

அலைகடல் ஐயா கூறியதில் துறைமுகச் சாலையைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வடக்குப் பகுதி முழுவதையும் அதே கணக்கில் தள்ளிவிடுவது சரியன்று. துறைமுகத்துக்கும் நகர மையத்துக்கும் இடையில் அம்பேல் இருக்கிறது. ஜாவாவில் இஸ்லாம் பரவக் காரணமான ஒன்பது வலிமார்களுள், அதாவது இறைநேசர்களுள், ஒருவரான சுனான் அம்பேல் அடங்கியிருக்கும் இடம் அது. அவர் 1421-இல் எழுப்பியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசலும் அங்கேதான் இருக்கிறது. இரவு பகலாக ஜியாரத்துக்கு, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசிக்க, மக்கள் வந்துகொண்டே இருப்பதால் நள்ளிரவிலும் கடைகள் திறந்திருக்கும். பெண்கள் குழந்தைகளோடு நடமாடுவார்கள். நாகூரில் தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களைக் கண்டவர்களுக்கு அந்தச் சூழல் உடனே பிடிபட்டுவிடும்: பேரீச்சம்பழக் கடை, அத்தர்க் கடை, தொப்பியும் தஸ்பீஹ் மணியும் விற்கும் கடை என நெருக்கமான சந்துகள், நடுவில் பெரியவர்களின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் குடும்பங்கள். பல தலைமுறைகளாக வாழும் அரபு வம்சாவளியினரின் கடைகளில் ரொட்டி மர்யம் என்ற அடுக்கு ரொட்டி சுடச்சுடக் கிடைக்கும். கறி இல்லாமல் தனியாகக் கேட்டால் தருவார்கள். மாவில் முட்டை சேர்ப்பதுண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்குள்ள தங்குமிடங்களில் பல 'ஷரியா' என்ற அடைமொழியோடு இயங்குகின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கினால் திருமணச் சான்று கேட்பார்கள் என்பதைத் தவிர மற்றவர்களுக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. தாயும் மகளுமாகத் தங்கும் உங்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பாகவே இருக்கும். வியாழன் இரவுகளில் கூட்டம் மிகுதி. அதிகாலை நான்கு மணிக்கு மேல் பாங்கொலி அறைக்குள் தெளிவாகக் கேட்கும். அந்நேரத்தில் விழிப்பது உங்களுக்குச் சிரமம் என்றால், பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளிய தெருவில் அறை பாருங்கள்.

மறுமொழி: வைகைச்செல்வி

பகுதியைப் பற்றி இருவரும் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் அறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் சுராபாயாவில் இரண்டு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடைப்பட்ட வாடகையில் நல்ல அறையும் கிடைக்கும், தாங்க முடியாத அறையும் கிடைக்கும். இணையத்தில் போடும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அங்கே மலிவு விடுதிகள் பலவும் 'ரூக்கோ' எனப்படும் கட்டடங்களில் இருக்கின்றன. கீழே கடை, மேலே வீடு என்ற கணக்கில் கட்டி, பிறகு விடுதியாக மாற்றியவை. மூன்று நான்கு மாடி இருக்கும், மின்தூக்கி இருக்காது, படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். அம்மாவின் மூட்டு வலியை நினைத்து முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அங்கே தரைத்தளத்தையே முதல் தளம் என்பார்கள் என்பதால், 'லந்தாய் சாத்து' என்று எழுதிக் கேளுங்கள். நம் வழக்கப்படி முதல் மாடி என்று எண்ணி அதை மறுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கழிப்பறை. விலை குறையக் குறைய, குந்தி அமரும் கழிப்பறையாக இருக்க வாய்ப்பு அதிகம். 'குளோசெட் டூடுக்' என்றால் நாற்காலி போல் அமரும் வகை. குளியலறையில் 'பாக் மண்டி' என்ற சிறு தொட்டி கட்டியிருப்பார்கள். அதிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும். மொண்டு குளிப்பது நமக்குப் பழகியதுதான், ஆனால் அந்தத் தொட்டித் தண்ணீரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கைப்பேசி விளக்கை நீர்ப்பரப்புக்குச் சாய்வாகப் பிடித்தால் கொசுப்புழு நெளிவது தெரியும். தெரிந்தால் தொட்டியைக் கழுவி நிரப்பித் தரச் சொல்லுங்கள்; டெங்கு உள்ள ஊர் என்பதால் அவர்களும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெந்நீர் வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். கடலோர வெப்பத்தில் அதன் தேவையே எழாது. அதே பணத்தைக் குளிர்சாதனத்துக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, சன்னல். மலிவு அறைகளில் சன்னலே இல்லாதவை உண்டு. இருந்தாலும் நடைக்கூடத்தை நோக்கித் திறப்பவை உண்டு. கிராம்பு கலந்த கிரெத்தெக் சிகரெட்டின் புகை அந்த அறைகளின் திரைச்சீலையிலும் தலையணையிலும் ஊறிப்போயிருக்கும். வாசனைத் தெளிப்பான் அடித்தாலும் அரை மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். ஆகவே வெளிச்சன்னல் உள்ள, புகைபிடிக்காத அறை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பார்க்கலாமா என்று கேட்பது அங்கே இயல்பான வழக்கம். சாவிக்காகச் சிறு முன்பணம் கேட்பார்கள். சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பக் கிடைத்துவிடும். மின் இணைப்பு இரண்டு உருண்டைக் கம்பி வகை. நம் கைப்பேசி மின்னேற்றி பொருந்தும்; மூன்று கம்பிச் செருகிக்கு இடைமாற்றி தேவை.

உணவைப் பொறுத்தவரை, இறைச்சியைத் தவிர்ப்பது எளிது. இறாலைத் தவிர்ப்பதுதான் கடினம். 'தெராசி' என்ற இறால் விழுது மிளகாய்த் துவையலில் இருக்கும். சுராபாயா உணவுகளில் மிகுதியாகச் சேர்க்கும் 'பெத்திஸ்' என்ற கருநிற விழுதும் இறாலில் செய்ததுதான்; காய்கறி உணவு என்று நினைத்து வாங்கும் பலவற்றில் அது கலந்திருக்கும். 'தன்ப்பா தெராசி, தன்ப்பா பெத்திஸ், தன்ப்பா தெலூர்' என்று சொன்னால் இறால் விழுதும் பெத்திஸும் முட்டையும் வேண்டாம் என்பது கடைக்காரருக்குப் புரிந்துவிடும். வெறும் சோறு, தெம்பே எனப்படும் புளிக்கவைத்த சோயா அடையின் பொரியல், தாகு எனப்படும் சோயாக் கட்டி, வேகவைத்த கீரை ஆகியவை எந்தத் தெருவிலும் கிடைக்கும். சீன பௌத்தர்கள் நடத்தும் தூய சைவ உணவகங்களும் நகரில் உண்டு. விடுதியில் காலை உணவு சேர்த்து என்றால் பெரும்பாலும் முட்டையிட்ட நாசி கோரெங் என்ற வறுத்த சோறு வரும். அதற்காகக் கூடுதல் வாடகை தர வேண்டாம். நடைக்கூடத்தில் குடிநீர்க் கேன் பொருத்திய இயந்திரம் இருக்கும், பலவற்றில் வெந்நீரும் வரும். அம்மாவின் கையால் அரைத்த பருப்புப்பொடியும் உடனடி உப்புமா மாவும் இருந்தால் காலைப்பொழுது கவலையின்றிக் கழியும்.

கேட்டவர்: கொள்ளிடக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. படிக்கட்டு, கழிப்பறை ஆகியவற்றைப் பற்றி வைகைச்செல்வி அக்கா எழுதியிராவிட்டால் எனக்கு அது தோன்றியே இருக்காது. அம்பேலைப் பற்றிப் படித்துக் காட்டியபோது அம்மா ஒரு மாலையாவது அங்கே போக வேண்டும் என்கிறார். எனவே குபெங் பக்கம் தங்கி, அங்கே போய்வரலாம் என்று நினைக்கிறோம்.

இன்னும் ஓர் ஐயம். அறையை நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று எல்லா விடுதிகளும் போட்டிருக்கின்றன. கப்பல் இரவில் புறப்படுவதாக அட்டவணை கூறுகிறது. அந்த இடைப்பட்ட நேரத்தை அம்மாவோடு எங்கே கழிப்பது?

மறுமொழி: அலைகடல்

நான்காவது இரவுக்கும் வாடகை கொடுத்து அறையை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். செலவைக் குறைக்க முனையும் உங்களுக்கு இது முரணாகத் தோன்றலாம், ஆனால் காரணம் இருக்கிறது. பெல்னி கப்பல்கள் பல துறைமுகங்களைத் தொட்டுச் சுற்றி வருபவை. முந்தைய துறைமுகத்தில் ஏற்படும் தாமதம் சுராபாயாவில் வந்து சேரும். இரவு ஒன்பது என்று போட்டது பின்னிரவு இரண்டு ஆவதும், மறுநாளுக்குத் தள்ளிப்போவதும் உண்டு. கப்பல்கள் நாள்தோறும் இல்லை என்பதால் வேறொன்றில் மாறிக்கொள்ளவும் வழியில்லை. அப்படி நேர்ந்தால், கையில் அறை இருப்பவர் படுத்து உறங்குவார். இல்லாதவர் பயணிகள் முனையத்தின் இருக்கையில் விடிய விடியக் காத்திருப்பார். அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நாள் கடற்பயணமும் இருக்கிறது.

பணம் கட்டாயம் மிச்சமாக வேண்டுமென்றால், மாலை ஆறு மணி வரை இருக்க அரை நாள் வாடகை ஏற்பீர்களா என்று விடுதியில் கேளுங்கள். சிறு விடுதிகளில் வார நாட்களில் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆகஸ்ட் 17 அவர்களுடைய சுதந்திர நாள்; அதையொட்டிய விடுமுறையில் அறைகள் நிரம்பிவிடும் என்பதால் அப்போது அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். புறப்படும் நாளன்று காலையிலும் பிற்பகலிலும் பெல்னியின் செயலியில் கப்பல் நேரத்தைச் சரிபாருங்கள். விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் சொன்னால் துறைமுக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டும் சொல்வார்கள். குபெங்கிலிருந்து துறைமுகத்துக்குப் போக்குவரத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். காரில் ஏறும்போது துறைமுகம் என்று மட்டும் சொல்லாமல், பயணிகள் முனையமான கப்புரா சூர்யா நுசந்தாராவின் பெயரைச் செயலியில் குறித்து ஏறுங்கள்; சரக்கு வாயில்கள் பல இருப்பதால், தவறான வாயிலில் இறங்கினால் பெட்டியோடு நெடுந்தூரம் நடக்க நேரிடும்.