நல்ல கை இருக்கும்போது எவ்வளவு பெரிதாக பெட் வைக்கலாம்? வடசென்னை போக்கர் ஆட்களின் அனுபவங்கள்

ராயபுரத்துக்காரன்:

பெரிய பெட் என்றாலே நம் ஆட்கள் பிளஃப் (வெறும் கையோடு மிரட்டுவது) கதைதான் சொல்கிறார்கள். நல்ல சீட்டு கையில் இருக்கும்போது எவ்வளவு வைக்கலாம் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. என்னைக் கேட்டால், சாதாரண மேசைகளில் வருகிற லாபத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. எனக்கு நடந்த ஒரு கையை முழுசாக எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்த 2025 ஆகஸ்ட் சட்டம் வருவதற்கு முன், பணம் கட்டி ஆடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. ஆறு பேர் மேசை, பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன் இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது) 5-10, ஆளுக்கு 1000 சிப்ஸ். பட்டனில் (தரையில் சீட்டு விரித்த பிறகு கடைசியாக ஆடும் இடம்) எனக்கு இரண்டு எட்டு. 30 ஆக்கினேன். பிக் பிளைண்டில் (அந்தக் கட்டாய 10 வைத்த இடம்) இருந்தவர் மட்டும் கால், அதாவது அதே தொகையைக் கட்டித் தொடர்ந்தார். அவரை ரொம்ப நேரமாகக் கவனித்து வந்தேன். தரையில் (எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கிற சீட்டுகளில்) ஒரு கிங்கோ ஏஸோ விழுந்து அவருக்கு ஜோடி சேர்ந்துவிட்டால், மனுஷன் என்ன ஆனாலும் சீட்டைக் கீழே போட மாட்டார். பாட் (நடுவில் சேர்ந்த தொகை) 65.

ஃப்ளாப்பில் (தரையில் முதலில் விரிக்கிற மூன்று சீட்டு) கிங் ஆர்ட்டின், 8 கிளாவர், 4 இஸ்பேட். அவர் செக் பண்ணினார், அதாவது எதுவும் வைக்காமல் விட்டார்.

கணக்கை இந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும், கடைசிச் சீட்டான ரிவரில் போய்ப் போடுவதில் பயனில்லை. இரண்டு பேரிடமும் 970 மீதி. ஒவ்வொரு தடவையும் பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வைத்துப் போனால் 22, 36, 60. மொத்தம் 118. அவர் கடைசிவரை கால் பண்ணினாலும் எனக்கு வருவது அவ்வளவுதான். பாட் அளவுக்கே வைத்தால் முதலில் 65, அடுத்து 195. ரிவர் வரும்போது நடுவில் 585 கிடக்கும், கையில் 710 இருக்கும். அதையும் தள்ளினால் முழு 970-உம் உள்ளே. அதே கை, எதிரில் அதே ஆள், ஆனால் 118 எங்கே, 970 எங்கே! ஃப்ளாப்பில் சின்னதாக ஆரம்பித்தவர் ரிவரில் திடீரென்று பெரிதாக்க நினைத்தாலும் பாட் அதற்குத் தோதாக வளர்ந்திருக்காது.

65 வைத்தேன், கால். டர்னில் (நாலாவது சீட்டு) 2 டைமன். 195 வைத்தேன், கொஞ்சம் யோசித்துவிட்டு கால். ரிவரில் ஜாக் கிளாவர். தரையில் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) கிடையாது, ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) கிடையாது. என் மூன்று எட்டை அடிக்க இரண்டு கிங்கோ இரண்டு ஜாக்கோ வேண்டும். கிங் ஜோடி வைத்திருப்பவர் ஆரம்பத்திலேயே மறுபடி ரைஸ் பண்ணி தொகையை ஏற்றியிருப்பார். 710-ஐயும் தள்ளினேன். கடிகாரம் கிட்டத்தட்ட முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு கால் பண்ணினார். கிங்-குயின் காட்டினார்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம். என் கையில் எட்டுக்குப் பதில் இரண்டு கிங் இருந்திருந்தால் இன்னும் பலமான கைதான். ஆனால் அப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு கிங். எதிராளியிடம் கிங்-குயின் இருக்க 4 வழிதான் உண்டு. என்னிடம் எட்டு இருக்கும்போது மூன்று கிங் வெளியே இருக்கிறது, அதனால் 12 வழி. பலம் குறைந்த கைக்குத்தான் கால் பண்ண ஆள் அதிகம். பெட்டின் அளவைத் தீர்மானிப்பது என் கையின் பலம் இல்லை, அவர் எதை வைத்துக்கொண்டு கால் பண்ண முடியும் என்பதுதான்.

காசிமேட்டில் விடிகாலை ஏலம் விடுகிறவரைப் பாருங்கள். அவர் மீனைப் பார்ப்பதைவிட எதிரில் நிற்கிற முகங்களைத்தான் அதிகம் பார்ப்பார். கல்யாண ஆர்டரோடு வந்தவர் வஞ்சிரம் விலை ஏறினாலும் விட்டுப் போக மாட்டார். சும்மா விசாரிக்க வந்தவர் நூறு ரூபாய் குறைத்தாலும் வாங்க மாட்டார். எதிராளியிடம் மேல் ஜோடி (தரையில் இருக்கிற பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) இருந்தால் அவர் முதல் வகை. ஒன்றுமே சேராதவர் பாதி பாட் வைத்தாலும் ஓடத்தான் போகிறார்.

பெரம்பூர் லோகோ:

அண்ணே, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ரிவர் கணக்கை நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பாட் 1000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைதான் ஜெயிக்கிற கை. 500 வைத்தால் நூற்றில் 70 தடவை கால் வருகிறது, சராசரி 350. 2000 வைத்தால் வெறும் 20 தடவைதான் கால் வருகிறது என்றாலும் சராசரி 400. 17.5 சதவீதத்துக்கு மேல் கால் வந்தாலே பெரிய பெட் முந்திவிடும். நூற்றில் எண்பது தடவை எதிராளி ஓடுவதைப் பார்க்கும்போது மனசுக்குத் தப்பாகத்தான் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது. எதிராளி பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. கால் பண்ணி நஷ்டப்படாமல் இருக்க, பாதி பாட் பெட்டுக்கு அவர் 25 சதவீதம் ஜெயித்தால் போதும், பாட் அளவுக்கு 33, இரண்டு மடங்குக்கு 40.

ஆனால் இதைப் படித்துவிட்டு செட் (கையிலுள்ள ஜோடிக்குத் தரையில் மூன்றாவது சேர்வது) கிடைத்தால் எல்லாவற்றையும் தள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வீட்டுக்காரியின் தம்பி வியாசர்பாடியில் இருக்கிறான். ஒரு நாள் அவன் ஆடும்போது பக்கத்தில் இருந்தேன். கையில் இரண்டு குயின், கிளாவரும் இஸ்பேடும். ஃப்ளாப்பில் குயின் ஆர்ட்டின், 9 ஆர்ட்டின், 3 இஸ்பேட். டர்னில் 6 ஆர்ட்டின், ரிவரில் 2 ஆர்ட்டின். எதிராளி செக் பண்ணியதும் பையன் பாட் போல இரண்டு மடங்குக்குத் திரையில் பெட் பட்டையை இழுத்துவிட்டான், இன்னும் அழுத்தவில்லை.

"மாமா, மூணு குயின் இருக்கு, விடுவேனா?"

"சரிடா, அவ்வளவு வச்சா யாரு கால் பண்ணுவான்னு சொல்லு."

விரல் அப்படியே நின்றது. தரையில் நாலு ஆர்ட்டின் கிடக்கிறது. எதிராளி கையில் ஒரே ஒரு ஆர்ட்டின் இருந்தால் ஃப்ளஷ். ஆர்ட்டின் இல்லாதவர் குயின்-9 வைத்திருந்தாலும் இரண்டு மடங்குக்கு ஓடிவிடுவார். கால் வந்தால் நாம் தோற்ற கால்தான். பையன் செக் பண்ணினான். எதிராளி ஜாக் ஆர்ட்டின் காட்டி பாட்டை எடுத்துக்கொண்டார்.

அதே தரையில் அவன் கையில் ஏஸ் ஆர்ட்டின் இருந்திருந்தால் நானே தள்ளு என்று சொல்லியிருப்பேன். அங்கே அதை அடிக்க எந்தக் கையும் கிடையாது. கிங்கோ ஜாக்கோ வைத்திருப்பவர் எவ்வளவு வைத்தாலும் விட்டுப் போக மனசு வராது. கடைசியாக ஆடுகிற இடத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: கால் வருகிற தடவைகளில் பாதிக்கு மேல் நாம் ஜெயிப்போமா? மொத்தத்தில் நாம் முந்தி இருக்கிறோமா என்பது வேறு கேள்வி, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாட்டைவிடப் பெரிய பெட் ஏதோ முரட்டு ஆட்டம் என்று நினைப்பவர்கள் லிப்ராடஸ் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான கணினி நிரல். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு, ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் போக்கரில் 1,20,000 கை ஆடி ஜெயித்தது. அவர்களை ரொம்பவே திணறடித்தவற்றில் ஒன்று பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்கள். அதற்குக் கோபமும் கிடையாது, வீறாப்பும் கிடையாது. கணக்கு அங்கே கொண்டுபோய் விட்டது.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். அது நல்ல கையோடும் அப்படி வைக்கும், வெறும் கையோடும் அப்படி வைக்கும். நாம் நல்ல கைக்கு மட்டுமே இரண்டு மடங்கு வைத்தால், கவனிக்கிற எதிராளி சீக்கிரம் கால் பண்ணுவதை நிறுத்திவிடுவார். கவனிக்காதவர்கள் நிறைந்த மேசையில் அந்தக் கவலை வேண்டாம்.

திருவொற்றியூர் தேரடி:

நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி. 2025-இல் தமிழ்நாட்டில் இரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதி வந்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில் பதினொன்றே முக்காலுக்கு மேல் மேசையே மாறிவிடும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்கள் நடு ஜோடியை வைத்துக்கொண்டுகூட பாட் அளவு பெட்டுக்கு கால் பண்ணுவார்கள். அப்போது மேல் இரண்டு ஜோடி வந்தாலே நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். அதே ஆட்கள் எட்டு மணிக்கு அதே பெட்டைப் பார்த்து ஓடியிருப்பார்கள். ஆட்டக்கணக்கில் அது சரியான பெட்தான். ஆனால் அந்த அவசரத்தில் எத்தனை குடும்பத்துப் பணம் போயிருக்கும் என்று யோசித்தால் பணம் கட்டும் மேசைகள் நின்றதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆட்டம் பிடிக்கும், அது வேறு.

இப்போது நானும் எங்கள் தெரு ஆட்கள் சிலரும் இலவச சிப்ஸில் ஆடுகிறோம். அங்கே வேறு சிக்கல். சிப்ஸுக்கு மதிப்பில்லாததால் யாருமே ஃபோல்டு பண்ணுவதில்லை, சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதில்லை. இரண்டு மடங்கு வைத்தாலும் கடைசி ஜோடியோடு கால் வரும். அதனால் மாதக் கடைசியில் யாரிடம் எவ்வளவு சிப்ஸ் என்று வரிசை போடுகிறோம். ஆளுக்கு மாதம் ஒரே தொகைதான், தீர்ந்தால் அடுத்த மாதம்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அது வந்த பிறகு ஆட்கள் யோசித்து ஃபோல்டு பண்ண ஆரம்பித்திருக்கிறார்கள்.

ராயபுரத்து அண்ணனிடம் ஒரு கேள்வி. எடுக்கிற நேரத்தை வைத்தே எதிராளி நம் கையை ஊகித்துவிடலாம் என்பதால் கேட்கிறேன். அந்த 710-ஐ உடனே தள்ளினீர்களா, நேரம் எடுத்துத் தள்ளினீர்களா?

ராயபுரத்துக்காரன்:

ஃப்ளாப்பிலும் டர்னிலும் எடுத்துக்கொண்ட அதே அளவு நேரம்தான் தம்பி. செக் பண்ணுவதாக இருந்தாலும் அதே நேரம் எடுப்பேன். உங்கள் மாத வரிசை யோசனை நன்றாக இருக்கிறது, எங்கள் குழுவிலும் சொல்லிப் பார்க்கிறேன்.