தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவரின் நாளுக்குப் பாடத்தைப் பொருத்துவது: நெல்லைப் பக்க அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

கரஸ்ல (தபால் வழியில்) படிக்கிறவர்களுக்கு ஒப்படைப்பு (வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்ட்) திருத்துகிறவர்கள், ஞாயிறு தொடர்பு வகுப்பு எடுக்கிறவர்கள், சேர்க்கை வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். எது வேலை செய்தது, எது முறிந்தது, ஏன் என்று கணக்கோடு எழுதுங்கள்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) கணக்கில் 1 கிரெடிட்டுக்கு, அதாவது பாடச் சுமையை அளக்கும் ஒரு புள்ளிக்கு, 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. 16 வாரத்தில் பரப்பினால் வாரம் ஏழரை மணி. வாரத்தில் ஆறு நாள் படித்தால் நாளுக்கு ஒன்றேகால் மணி. நான்கு தாள் என்றால் நாளுக்கு ஐந்து மணி! வேலைக்குப் போகிறவருக்கு இது நடக்காது. சேர்க்கையன்றே அவரை உட்கார வைத்து, எழுந்திருப்பதிலிருந்து படுப்பது வரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஒன்றேகால் மணி எங்கே கிடைக்கும் என்று அவரையே வட்டம் போடச் சொல்லுங்கள். இரண்டு தாளுக்குத்தான் இடம் இருந்தால் அந்தப் பருவத்தில் இரண்டை மட்டும் எழுதட்டும். இக்னோ இளங்கலைப் பட்டத்தைக் குறைந்தது 3 ஆண்டில், அதிகம் 6 ஆண்டில் முடிக்கலாம். இந்த இடைவெளி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. நான்கையும் ஒன்றாக எழுதித் தோற்று, "எனக்குப் படிப்பு வராது" என்று போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் படிப்பு வரும், கணக்குதான் தப்பு.

முக்கூடலிலிருந்து

அண்ணாச்சி சொன்ன அந்த வட்டத்தை பீடி சுற்றுகிற பெண்களிடம் போடச் சொன்னால் தாளில் இடமே இருக்காது. ஆனால் வேலைக்குள்ளேயே இடம் இருக்கிறது. இலை வெட்டும்போது கண் கத்திரியில் இருக்க வேண்டும். மடியில் சுளவை வைத்துத் தூள் போட்டுச் சுருட்டி நூல் கட்டும்போது கையும் கண்ணும் பழக்கத்தில் ஓடும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் பாடம் தர வேண்டும்.

புத்தகத்தின் ஒரு அலகை (யூனிட்டை) அப்படியே வாசித்துப் பதிவு செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 8 முதல் 10 நிமிடத் துண்டுகளாக்குங்கள். ஒரு துண்டுக்கு ஒரே கருத்து. முதல் அரை நிமிடத்தில் கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் கேள்வி கேட்டு 10 நொடி பேசாமல் விடுங்கள். அந்த இடைவெளியில் அவர்கள் வாய்விட்டே பதில் சொல்வார்கள், பக்கத்தில் சுற்றுகிறவரும் சேர்ந்து சொல்வார். கடைசியில் புத்தகத்தின் பக்க எண். ராத்திரி அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டினால் போதும்.

ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தில், மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்), 24 கேபிபிஎஸ் (நொடிக்கு 24 கிலோபிட்) வைத்தால் 10 நிமிடம் 1.8 எம்பிதான் வரும். எம்பி3-ஐ 64-இல் வைத்தால் 4.8 எம்பி. இதே பத்து நிமிடத்தைச் சுமாரான வீடியோவாக 500 கேபிபிஎஸ்ஸில் அனுப்பினால் 37 எம்பிக்கு மேல். நாள் டேட்டாவை வீட்டில் மூன்று பேர் பங்கு போடுகிற இடத்தில் இந்த வித்தியாசம்தான் பாடம் போய்ச் சேருமா என்பதை முடிவு செய்கிறது. பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்விசிறி இரைச்சல் நம் காதுக்குத் தெரியாது. மலிவான ஸ்பீக்கரில் குரலை விழுங்கிவிடும்.

கணக்கும் வரைபடமும் இப்படி வராது. அதற்குப் புத்தகமும் விளக்கும் வேண்டும்.

மேலப்பாளையத்திலிருந்து

ஒன்று மட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் பெண்கள் சந்தேகமே கேட்பதில்லை என்கிறார்கள். தங்கள் நம்பர் முன்பின் தெரியாதவருக்குத் தெரிவதுதான் பெரிய காரணம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்புங்கள்: ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கே அந்தச் செய்தி போகும். அதனால் முதல் வகுப்பிலேயே எல்லாரையும் சேமிக்கச் சொல்லி, ஒரு செய்தி அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று அங்கேயே பாருங்கள். பல வீட்டில் போன் பகலில் கணவரோடோ மகனோடோ போய்விடும். இன்று மதியம் அனுப்பி இன்று மாலைக்குள் பதில் கேட்பது அவர்களைத் தண்டிப்பது.

சேரன்மகாதேவியிலிருந்து

ஒப்படைப்பு பற்றி எழுதுகிறேன். இக்னோவில் பெரும்பாலான படிப்புகளில் இதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. பலர் இதைக் கடைத்தெரு கைடிலிருந்து பார்த்து எழுதி 30-ஐ வாங்கிவிட்டு 70-இல் விழுகிறார்கள். கேள்வி எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தால் பதிலும் எந்தக் கைடிலும் கிடைக்கும். கேள்வித்தாளை நாம் மாற்ற முடியாது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு பயிற்சிக் கேள்வி போடலாம். நீர் மேலாண்மை அலகா? நம் தாமிரபரணிக் கால்வாய்களை வைத்துக் கேளுங்கள்: "உங்கள் ஊருக்குத் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் வருகிறதா, கோடகனா, பாளையங்கால்வாயா, நெல்லைக் கால்வாயா? எந்த அணைக்கட்டிலிருந்து? கடைமடைக்கு எப்போது நிற்கிறது?" இதற்கு எந்தக் கைடிலும் பதில் இல்லை. வீட்டுப் பெரியவரிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதி வருவார்கள். அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு புத்தகக் கேள்விக்குப் போனால் சொந்த வாக்கியத்தில் எழுத வரும்.

முதல் ஒப்படைப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் முன்கூட்டி வாங்குங்கள். ஏழு நாளைக்குள் திரும்பிப் போக வேண்டும். குறிப்பு மூன்றுக்கு மேல் வேண்டாம்: சரியாக வந்த ஒரு வாக்கியத்தை அடிக்கோடிடுவது, திருத்த வேண்டிய ஒன்று, அதை எப்படித் திருத்துவது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையாக இருந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது, தாளை மடித்து வைத்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து மதிப்பெண் மட்டும் வந்தாலும் பயனில்லை. அதற்குள் அடுத்த தாளும் அதே தப்போடு போயிருக்கும்.

மைக்கேல் மூர் என்ற கல்வியாளர், ஆசிரியருக்கும் படிக்கிறவருக்கும் இடையிலான தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல், உரையாடல் எவ்வளவு, பாடத்தின் கட்டுக்கோப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். உரையாடல் குறையக் குறைய, தானே திட்டமிட்டுப் படிக்கும் திறன் கூடுதலாகத் தேவைப்படும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் பாடம் எடுத்தவருக்கு அந்தத் திறன் பழகப் பழகத்தான் வரும். அதனால் முதல் மாதம் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் போனில் பேசுங்கள், பிறகு மெல்லக் குறைக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: தேர்வுக்கு முந்தின வாரம்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள்.

திசையன்விளையிலிருந்து

எங்கள் பக்கம் பருவம்தான் பிரச்சினை, மதினி. ஜூன் தேர்வு பதநீர் காலத்துக்குள் விழுகிறது. கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் அடுப்பை விட்டுப் பகலில் நகர முடியாது. தைக்கும் மாசிக்கும் நடுவில் பாடத்தின் பெரும்பகுதியை முடிக்கிற மாதிரி அட்டவணை போட்டு, அதன்பின் திருப்புதலை மட்டும் வைத்தால் தாங்குகிறது. ஆற்றுப்பாசனப் பக்கத்தில் டிசம்பர் தேர்வு பிசான நெல் சாகுபடியோடும் வடகிழக்குப் பருவமழையோடும் மோதும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையைப் பார்த்த ஊர்களில் புத்தகத்தைத் தரையோரப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் போட்டு பரணில் வைக்கட்டும். எழுதிய ஒப்படைப்பைச் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படமெடுத்து, பக்க எண் வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பதிவு எண்ணையே கோப்பின் பெயராக வைத்துத் தனக்கே ஒரு நகல் அனுப்பி வைக்கட்டும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். பென்சில் கோடும் சின்ன எழுத்தும் திருத்துகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.