நின்றால் நோ, படுத்தால் சுகம்: அடிவயிற்று நாள வீக்கம்

வெள்ளவத்தை, மூன்று பிள்ளைகளின் அம்மா:

காலையில் எழும்பும்போது ஒன்றும் இருக்காது. கடையில் நிற்க நிற்க, பின்னேரம் இடப்பக்க அடிவயிறு கனத்து இழுக்கத் தொடங்கும். மாதவிடாய் கிட்டினால் இன்னும் கூடும். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சரிந்தால் தணிந்துவிடும். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு வருடக்கணக்காக இதே கதை. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் நோர்மல். "மனதில் ஏதும் கவலையா?" என்று கேட்டார் ஒரு டொக்டர். இவ்வளவு நோவோடு கவலை இல்லாமல் இருக்குமா!

பிறகு சனல் பண்ணிய வீஓஜிதான் (மகப்பேற்று, பெண்நோய் நிபுணர்) தொடையின் பின்பக்கம் நாளம் புடைத்திருப்பதைக் கவனித்தார். எந்த நேரம் நோகிறது, படுத்தால் குறையுதா என்று துருவித் துருவிக் கேட்டார். சூலகத்திலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்களிலும் வால்வுகள் உண்டாம். கர்ப்பத்தில் அந்த நாளங்கள் நன்றாக விரியும். சிலருக்குப் பிறகு வால்வு ஒழுங்காக மூடாது, இரத்தம் கீழே திரும்பித் தேங்கும். இடப்பக்க நாளம் சிறுநீரக நாளத்தில் போய்ச் சேருவதால் அந்தப் பக்கம்தான் அதிகம். படுத்தால் தேங்கியது வடிந்துவிடும். ஸ்கேன் எடுப்பதும் படுக்கவைத்துத்தானே, பிறகெப்படித் தெரியும்? எனக்கு இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனில் முக்கச் சொல்லியும் நிற்கவைத்தும் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. இப்போது ஹோமோன் மாத்திரை.

கொட்டாஞ்சேனை, ஆசிரியை:

அக்கா, எனக்கு மாத்திரை சரிவரவில்லை. கழுத்து நாளத்தால் மெல்லிய குழாய் விட்டு, பழுதான நாளத்தைச் சின்ன உலோகச் சுருள்களால் அடைத்தார்கள். வயிற்றில் வெட்டு இல்லை, குழாய் விடும் இடத்தில் விறைக்க ஊசி மட்டும். செய்தவர் வீஓஜி இல்லை, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் கதிரியக்க நிபுணர். முதல் சில நாள் நல்ல நோ. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் கடைசிப் பாடம் வரை நின்று படிப்பிக்க முடிகிறது.

தெஹிவளை:

ஒன்று சொல்லவேணும். எனக்கும் நாளங்கள் விரிந்துதான் இருந்தன. ஆனால் நோவுக்குக் காரணம் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். நோவே இல்லாத பெண்களுக்கும், அதுவும் பிள்ளை பெற்றவர்களுக்கு, இப்படி விரிந்த நாளங்கள் இருக்கலாமாம். எனக்குப் படுத்தாலும் நோ குறையாது, மாதவிடாய் நாட்களில் உயிர் போகும். ரிப்போர்ட்டில் 'நாள வீக்கம்' என்று கண்டதும் சுருள் வைக்க ஓடாமல், மற்றக் காரணங்களையும் பார்த்தாச்சா என்று கேளுங்கள்.